தண்ணீருக்காக யாரும் வராத சுனை

மதுரைக்கு வடக்கே 20 கிலோமீட்டர் போனால் அழகர்கோயில். கோயிலைத் தாண்டி மலைக்குள் மூன்று கிலோமீட்டர் போல நடந்தால் சோலைமலை முருகன். அதற்கும் மேலே கொஞ்சம் ஏறினால் ராக்காயி அம்மன் கோயில், அதை ஒட்டியே நூபுர கங்கை. வழியெல்லாம் ரோடு, இரண்டு பக்கமும் மரம், கால் வலித்தால் ஏறிக்கொள்ள வண்டி. இதை மலையேற்றம் என்று சொல்லிக்கொண்டு புது பூட்ஸ் மாட்டி வருகிறவரை, இடுப்பில் பேரனும் தலையில் கட்டுச்சோற்று மூட்டையுமாக வருகிற அப்பத்தா ரப்பர் செருப்போடு முந்திப் போய்விடுவார்.

இவ்வளவுதான் பாதை. மேலே இருப்பது ஒரு சுனை. சுனையில் இருப்பது தண்ணீர். ஆனால் இரண்டாயிரம் வருஷமாக இந்த மலையோடு பெயர் சேர்த்துப் பேசப்படுகிற பெரிய மனிதர்களை வரிசையாக நிறுத்தி, "என்ன வேலையாக வந்தீர்கள்?" என்று விசாரித்துப் பாருங்கள். ஒருவருக்கு மோட்சம் வேண்டும். ஒருவருக்குப் புண்ணியக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். ஒருத்திக்கு மாப்பிள்ளை வேண்டும். "தாகமாக இருந்தது, ஒரு வாய் தண்ணீர் குடிக்க வந்தேன்" என்று சொல்ல அந்த வரிசையில் ஆளே கிடையாது.

சுனை எப்படி வந்தது என்பதில் இரண்டு கட்சி. பெருமாள் உலகளந்தபோது மேலே தூக்கிய காலைப் பிரம்மா கழுவினார். அந்தத் தண்ணீர் காற்சிலம்பில் பட்டுத் தெறித்து இந்த மலையில் விழுந்தது. அதனால் இது சிலம்பாறு என்பது புராணக் கட்சி. மலை மேல் பெய்கிற மழை பாறை இடுக்கில் இறங்கித் தாழ்வான இடத்தில் வழி கண்டுபிடித்து வெளியே வருகிறது என்பது நிலவியல் கட்சி. சண்டை வேண்டாம். தண்ணீர் மேலேயிருந்துதான் வருகிறது என்பதில் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடில்லை.

இந்த மலைக்கு முதன்முதலில் ஆள் பிடித்துக் கொடுத்தவர் இளம்பெருவழுதியார். பரிபாடலில் 15ஆம் பாட்டு அவருடையது. மனைவியைக் கூட்டிக்கொள்ளுங்கள், பெற்றவர்களைக் கூட்டிக்கொள்ளுங்கள், கைக்குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள், வேண்டப்பட்டவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கிளம்புங்கள் என்கிறார். வேன் பிடித்து, மாமியாரை முன் சீட்டிலும் மச்சானைப் பின் சீட்டிலும் அடைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிற நம் குல வழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் இவர்தான். ஒரு சலுகையும் தருகிறார். போய்க் கும்பிட முடியாதவர்கள் மலையைக் கண்ணால் பார்த்த இடத்திலிருந்தே கும்பிட்டுக்கொள்ளலாமாம். சோம்பேறிகளுக்குச் சங்க இலக்கியம் செய்த பேருதவி இது. பின்னால் வந்த நம்மாழ்வார் அந்தச் சலுகையை மதித்ததாகத் தெரியவில்லை. இளமை கெடுவதற்கு முன்னால் போய்ச் சேருங்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டார். பக்தி இலக்கியத்தில் முழங்கால் வலியைப் பற்றி இவ்வளவு தொலைநோக்கோடு யோசித்தவர் வேறு யாருமில்லை.

இந்தச் சுனைக்கு வராமலே போனதற்காகப் பெயர் வாங்கிய ஒருவன் உண்டு. அவன் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பெயர் கோவலன். சொந்த ஊர் புகார்.

சிலப்பதிகாரத்தின் 11ஆம் காதை, காடுகாண் காதை. சொத்தையெல்லாம் தொலைத்துவிட்டு, மனைவி காலில் கிடந்த சிலம்பை முதலாக வைத்துப் புது வியாபாரம் தொடங்க மதுரைக்கு நடந்துகொண்டிருக்கிறான் கோவலன். கூடவே கண்ணகி. வழித்துணைக்குக் கவுந்தியடிகள் என்ற சமணத் துறவி. கவுந்தியடிகளைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. முந்தின காதையில், இந்தத் தம்பதியைக் கிண்டல் செய்த இரண்டு பேரை நின்ற இடத்திலேயே நரியாக்கிவிட்டு வந்தவர். அவர் பக்கத்தில் இருக்கும்போது யாரும் அதிகம் பேசுவதில்லை.

உறையூரைத் தாண்டி ஒரு சோலையில் உட்கார்ந்திருக்கும்போது மாங்காட்டிலிருந்து ஒரு மறையவர் வருகிறார். திருவரங்கமும் திருவேங்கடமும் சேவிக்கக் கிளம்பியவர். வரும் வழியில் பாண்டிய நாட்டைப் பார்த்து அசந்து போயிருக்கிறார். கோவலன் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: "சாமி, மதுரைக்கு எப்படிப் போகணும்?" வழி கேட்டால் தல புராணம் சொல்கிற ஆள் இன்றைக்கும் எல்லா டீக்கடை வாசலிலும் இருக்கிறார். அவர்களுக்கெல்லாம் பாட்டன் இந்த மறையவர். முதலில் இப்படி ஒரு வெயிலில் இந்தப் பெண்ணை நடக்க வைக்கலாமா என்று அங்கலாய்க்கிறார். அப்புறம் கொடும்பாளூர் தாண்டினால் பாதை மூன்றாகப் பிரியும் என்கிறார். வலது பக்கம் போனால் சிறுமலை. இடது பக்கம் போனால் திருமால்குன்றம், அதாவது நம் அழகர்மலை. அந்தப் பேச்சை எடுத்ததும் மனிதர் சூடு பிடித்துவிட்டார்.

மலையில் ஒரு பிலம், அதாவது குகை வழி இருக்கிறது. அதற்குள் மூன்று பொய்கை இருக்கிறது. புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி. ஆனால் சும்மா போய்க் குதித்துவிட முடியாது. முதலில் மலைமேல் நிற்கிற பெருமாளின் திருவடியை நினைக்க வேண்டும். அப்புறம் மலையை மூன்று முறை வலம் வர வேண்டும். கோயில் பிரகாரத்தை இல்லை, மலையை! சுற்றி முடித்தால் சிலம்பாற்றங்கரையில் வரோத்தமை என்று ஒரு தேவதை தோன்றுவாள். இம்மைக்கு இன்பம் எது, மறுமைக்கு இன்பம் எது, இரண்டும் இல்லாமல் அழியாதது எது என்று கேட்பாள். விடை சொன்னால் கதவு திறக்கும். உள்ளே போனால் கதவுக்கு மேல் கதவு. கடைசிக் கதவில் இன்னொரு தேவதை, இன்னொரு கேள்வி: முடிவில்லாத இன்பம் எது? அவள் கூடவே ஓர் உறுதியும் தருகிறாள். விடை தெரியாவிட்டாலும் உன்னை ஒன்றும் செய்ய மாட்டேன், பத்திரமாக வெளியே வழியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன். இவ்வளவு மரியாதையான நேர்முகத் தேர்வு அதற்கப்புறம் தமிழ்நாட்டில் நடந்ததா என்பது சந்தேகம்.

சரி, தேறியாயிற்று. முதல் பொய்கையான புண்ணிய சரவணத்தில் முழுகினால் என்ன கிடைக்கும்? ஐந்திரம் கிடைக்கும். ஐந்திரம் என்பது இந்திரன் செய்த இலக்கண நூல். பட்டை வெயிலில் நடந்து, மலையை மூன்று சுற்றுச் சுற்றி, இருட்டுக் குகைக்குள் தடவித் தடவிப் போய், இரண்டு தேவதைகளிடம் தத்துவப் பரீட்சை எழுதித் தேறியவனுக்கு முதல் பரிசு ஓர் இலக்கணப் புத்தகம். இன்றைக்கு எந்தப் பள்ளிக்கூட ஆண்டு விழாவிலும் இதே கதைதான். ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த பையனுக்குத் திருக்குறள் தெளிவுரை கொடுத்து அனுப்புகிறார்கள்.

இரண்டாவது, பவகாரணி. அதில் முழுகினால் முற்பிறப்பு தெரிந்துவிடும். மூன்றாவது, இட்டசித்தி. நினைத்ததெல்லாம் கிடைக்கும்.

இந்த இடத்தில் சிலப்பதிகாரத்தை மூடி வைத்துவிட்டு ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். கோவலனின் முற்பிறப்பு என்ன? மதுரை எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் அதைச் சொல்கிறது. கலிங்கத்துச் சிங்கபுரத்தில் பரதன் என்ற பெயரில் இருந்தான். சங்கமன் என்ற வியாபாரியை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொலை செய்ய வைத்தான். அந்த வியாபாரியின் மனைவி விட்ட சாபம்தான் இந்தப் பிறப்பில் வந்து விடிந்தது. பவகாரணியில் ஒரே ஒரு முழுக்குப் போட்டிருந்தால் இவ்வளவும் 11ஆம் காதையிலேயே தெரிந்திருக்கும். "மதுரையும் வேண்டாம், வியாபாரமும் வேண்டாம், வா கண்ணகி ஊருக்குப் போவோம்" என்று திரும்பியிருப்பான். பவகாரணியை விட்டாலும் இட்டசித்தி இருந்தது. தொலைத்த சொத்தை அங்கேயே நினைத்திருக்கலாம். பாண்டியனுக்கு உயிர் போயிருக்காது, மதுரைக்கு நெருப்பு வந்திருக்காது, கல் எடுக்கச் சேரன் செங்குட்டுவன் இமயமலை வரைக்கும் அலைந்திருக்க வேண்டாம்.

மறையவருக்குப் பதில் சொன்னது கவுந்தியடிகள். மூன்று பொய்கைக்கும் மூன்று வெட்டு. இந்திரன் இலக்கணமா? அது எங்கள் ஆகமத்திலேயே இருக்கிறது. முற்பிறப்பா? போன பிறப்பில் செய்ததைத்தான் இந்தப் பிறப்பில் கண்ணெதிரே பார்க்கிறோமே. நினைத்தது கிடைக்குமா? பொய் பேசாமல், உயிர்களைக் காப்பாற்றி வாழ்பவனுக்குக் கிடைக்காதது என்ன இருக்கிறது? நீர் உம் தெய்வத்தைப் பார்க்கப் போம், நாங்கள் எங்கள் வழியைப் பார்க்கிறோம்.

அத்தனையும் நியாயம். தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்தப் பேச்சு வார்த்தை முழுக்க, போகிற ஆளான கோவலனிடம் "தம்பி, நீ என்ன சொல்றே?" என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், இரண்டு பேர் நரியானதைப் பார்த்தவன் என்ன சொல்லியிருப்பான்?

ஆக, நடு வழியில் போனார்கள். அங்கே தேவதை ஒன்று மயக்கும் என்று மறையவர் எச்சரித்த வழி. பாதி வழியில் தாகம் எடுத்தது. கண்ணகியையும் அடிகளையும் உட்கார வைத்துவிட்டுக் கோவலன் ஒரு பொய்கையைத் தேடிப் போனான். இந்த வட்டாரத்துக் கதைகளிலேயே உண்மையான தாகத்துக்காகத் தண்ணீர் தேடிப் போனவன் அவன் ஒருவன்தான். அவனும் போனது வேறு குளத்துக்கு. கரையில் மாதவியின் தோழி வசந்தமாலை நிற்கிறாள். காலில் விழுந்து அழுகிறாள். கோவலனுக்குச் சந்தேகம் தட்டி, கொற்றவை மந்திரத்தைச் சொன்னதும் வேஷம் கலைந்தது. நான் வனசாரிணி, உன்னை மயக்கப் பார்த்தேன் என்று ஒப்புக்கொண்டது அந்தத் தெய்வம். அதோடு விடவில்லை. நான் இப்படிச் செய்ததை உன் மனைவியிடமும் அந்த அம்மாவிடமும் சொல்லாமல் போய்விடு என்று கேட்டுக்கொண்டது. காட்டுத் தெய்வத்துக்கே கண்ணகியிடமும் கவுந்தியடிகளிடமும் அவ்வளவு பயம். கோவலன் தாமரை இலையில் தண்ணீரை ஏந்திக்கொண்டு மனைவியிடம் போய்ச் சேர்ந்தான்.

இடது பக்கம் திரும்பியிருந்தால் பொய்கையைத் தவிர இன்னொரு லாபமும் இருந்தது. அழகர்மலையின் கிடாரிப்பட்டிப் பக்கத்துக் குகையில் சமண முனிவர்களுக்குக் கல்லில் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கேயும் ஒரு சுனை உண்டு. அந்தச் சுனையைப் பற்றி வந்தவர்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை; தங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். சுமார் 2000 வருஷத்துக்கு முந்தைய தமிழ் பிராமி எழுத்தில் உப்பு வாணிகன், கொழு விற்கிற வாணிகன், சர்க்கரைப் பாகு வாணிகன், துணி விற்கிற அறுவை வாணிகன் என்று வரிசையாக நன்கொடையாளர் பெயர்கள். டியூப்லைட்டில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு "உபயம்" எழுதுகிறவர்களைத் திட்டும்போது, இந்த மரபின் வயதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியலில் மதுரைப் பொற்கொல்லன் ஒருவனும் இருக்கிறான். படுத்துக்கொள்ளத் துறவிக்குக் கல் படுக்கை செய்து கொடுத்த நல்ல மனிதன். விசாரித்துக்கொண்டு இவன் வழியில் வந்தவனிடம் சிலம்பைக் கொடுத்திருந்தால், அரண்மனைத் தட்டானிடம் போய் மாட்டியிருக்க வேண்டாம். கவுந்தியடிகளுக்கும் தங்க நல்ல இடம் கிடைத்திருக்கும். இடது பக்கத்தை வேண்டாம் என்று சொன்னது, போயும் போயும், தன் சொந்த மதத்துக்காரர்கள் குடியிருந்த மலையை!

கோவலன் வராத குறையை ஊர் வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டது. இன்றைக்கு நூபுர கங்கை விழுகிற மண்டபத்துக்குப் பெயர் மாதவி மண்டபம். அது மாதவிக் கொடியின் பெயராக இருக்கலாம். கண்ணகி கட்சிக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஆண்டாள் கணக்கு தனி. ரங்கநாதரை அடைய வேண்டி அழகரிடம் நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசலும் நேர்ந்துகொண்டாள். கல்யாணம் நடந்தது, அரங்கனோடு கலந்தும் விட்டாள், கடன் மட்டும் அப்படியே நின்றது. சில நூற்றாண்டு கழித்து ராமானுஜர் வந்து நூறு தடாவையும் எண்ணி வைத்து அடைத்தார். நன்றிக்கு ஆண்டாள் அவரை அண்ணன் என்றே அழைத்தாளாம். தங்கை வாங்கிய கடனை அண்ணன் அடைப்பதில் அதிசயமில்லை. வட்டி கேட்காமல் இருந்த அழகரைத்தான் மெச்ச வேண்டும்.

கடைசியாக, சுனையில் உண்மையாகவே இறங்கிக் குளித்த ஒருவர். பெயர் சுதபஸ் முனிவர். கண்ணை மூடித் தியானத்தோடு நூபுர கங்கையில் நீராடிக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்துத் துர்வாசர் வருகிறார். துர்வாசரைப் பார்த்தும் வணங்காதவனுக்கு என்ன தண்டனை என்பது எல்லோருக்கும் தெரியும். பார்க்காமலே இருந்தவனுக்கும் அதே தண்டனைதான். "தவளையாகப் போ!" தண்ணீரிலேயே ஊறிக் கிடந்த ஆளுக்கு அதைவிடப் பொருத்தமான சாபம் தோன்றியிருக்காது. விமோசனம் கேட்டதற்கு, வைகைக் கரையில் கிட, அழகர் வந்து மோட்சம் கொடுப்பார் என்று பதில். முனிவர் இருந்ததோ அழகர் வாசலில். 20 கிலோமீட்டர் தள்ளிப் போய், அழகர் அங்கே வரும் வரை காத்திருக்க வேண்டும். வேலையை வாசலிலேயே முடித்துத் தருகிற பழக்கம் தேவலோகத்திலும் இல்லை.

அன்றிலிருந்து அழகர் ஆண்டுதோறும் அலைகிறார். முன்பு தேனூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தவரை மதுரைக்குத் திருப்பி, மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தையும் சித்திரைக்கு இழுத்து, இரண்டு விழாவையும் முடிச்சுப் போட்டவர் திருமலை நாயக்கர் என்பார்கள். தவளை அதோடு ஓரங்கட்டப்பட்டது. தங்கச்சி கல்யாணத்துக்குக் கள்ளர் வேஷத்தில் கிளம்பிய அண்ணன், வைகையில் கால் வைக்கும்போது கல்யாணம் முடிந்துவிட்டது என்று கேட்டுக் கோபித்துக்கொண்டு வண்டியூர் பக்கம் போகிறார் என்ற கதைதான் ஜனங்களுக்குப் பிடித்தது. முனிவரின் மோட்சத்தைவிட, முகம் திருப்பிக்கொண்டு போகிற மச்சானை மதுரைக்காரர்களுக்கு நன்றாகப் புரியும். 1959இல் வைகை அணை திறந்த பிறகு இன்னொரு வேடிக்கை. அழகர் இறங்குவதற்கு அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது. சொந்தமாக வற்றாத சுனை வைத்திருப்பவர் ஆற்றில் இறங்க, அரசாங்கம் மதகைத் தூக்க வேண்டும்.

அந்தச் சுனையின் அருமை தெரிந்தவரும் அவர்தான். அழகரின் தங்கத் திருமேனிக்கு நூபுர கங்கைத் தண்ணீரில் மட்டுமே திருமஞ்சனம். வேறு தண்ணீர் பட்டால் மேனி கறுத்துவிடும் என்பது நம்பிக்கை. சித்திரையில் மதுரைக்கு வரும்போதும் அவருடைய குளியல் தண்ணீர் மலையிலிருந்து வந்து சேர்ந்துவிடும். ஐப்பசியில் தைலக்காப்பு. அன்றைக்கு அவரே மலையேறி, எண்ணெய் தேய்த்துக்கொண்டு, மாதவி மண்டபத்தில் ஆற அமரக் குளித்துவிட்டு இறங்குகிறார். இலக்கணம் கேட்கவில்லை, முற்பிறப்பு கேட்கவில்லை. இத்தனை பேரில் குளிப்பதற்காக மட்டும் மலை ஏறியவர் அவர் ஒருவர்தான் என்பது என் தீர்ப்பு.

நீங்களும் போய் வரலாம். காலையிலேயே நடக்கத் தொடங்குங்கள். வெயில் ஏறினால் ரோடு கொதிக்கும். கையில் கேரி பை வேண்டாம். வழியில் உட்கார்ந்திருக்கும் குரங்குகள் பையைத்தான் பார்க்கும், முகத்தைப் பார்க்காது. பையில் இருப்பது திருநீறா தேங்காயா என்று அவை கேட்பதுமில்லை. குளித்துவிட்டு ஷாம்பு பாக்கெட்டை அங்கேயே போட்டு வராதீர்கள். அந்தத் தண்ணீரில்தான் கோயில் மடைப்பள்ளி நடக்கிறது. இறங்கி வந்ததும் பதினெட்டாம்படிக் கருப்பசாமியைக் கும்பிட்டுவிட்டு, பிரசாதக் கடையில் அழகர்கோயில் தோசை வாங்குங்கள். தோல் உளுந்தும் மிளகும் சேர்ந்து கனமாக இருக்கும். ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்குப் போதும்.